வெட்டாமல் விட்ட கைப்பிடி

அந்த ஆராய்ச்சிக் கட்டடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற ஆள் நான். இருபத்தோரு வருஷமாகிறது. கழுவுகிறவனுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைக்கிறவர்கள் ஒரு வாரம் என் தொட்டி முன்னால் வந்து நின்று பார்க்கட்டும். யார் ஒழுங்காக வேலை செய்கிறார்கள், யார் சும்மா படம் காட்டுகிறார்கள், எவன் குடுவையில் பாக்டீரியாவை வளர்த்துவிட்டு மறந்துபோய் ஒரு வாரம் கழித்து நாற்றத்தோடு தூக்கிக்கொண்டு வருகிறான் எல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். பட்டம் வாங்காவிட்டாலும் மூக்கு ஒன்று இருக்கிறதே.

அங்கே என்னிடம் திட்டு வாங்காத ஒரே ஆள் குளிரறை அக்கா. என்னைவிட ஒன்பது வயது சின்னவள்தான். எல்லாரும் அக்கா என்று கூப்பிட்டதால் அதுவே பெயராகிவிட்டது. நேரில் நான் "ஏம்மா" என்பேன், அவள் என்னை "அண்ணே" என்பாள். அவள் கொண்டுவந்து வைக்கிற சாமான் ஒருதடவை அலசி, எழுத்தை அழித்து, மூடி தனியாக, குப்பி தனியாக வரும். இப்படி ஒருத்தி இருந்தால் நான் எதற்கு என்று கேட்டிருக்கிறேன்.

குளிரறை என்றால் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு குளிர்பெட்டி, அவ்வளவுதான். எப்போதும் நாலு டிகிரி. படிக்க வந்த பிள்ளைகள் பத்து நிமிஷம் உள்ளே நின்றுவிட்டு உலகத்தையே காப்பாற்றிவிட்ட மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டு வெளியே வருவார்கள். அக்கா இருபத்துநாலு வருஷம் தினமும் நாலைந்து மணி நேரம் அதற்குள் நின்றாள். பழுப்புச் சிவப்பில் ஒரு ஸ்வெட்டர், முழங்கைக் கிழிசலைக் கறுப்பு நூலால் தைத்திருப்பாள். விரல் கணுவெல்லாம் வெடித்திருக்கும். புரதம் செய்கிறவள் அவள். சூட்டில் புரதம் கெட்டுப்போகும், அதனால் குளிரில் நின்று செய்ய வேண்டும்.

மத்தியானம் என் அறைக்கு வந்துதான் சாப்பிடுவாள். நீராவியில் சாமான் வேகவைக்கிற மெஷின் அங்கே இருப்பதால் கட்டடத்திலேயே சூடான இடம் அது. வந்ததும் ரெண்டு கையையும் மெஷின் கதவுப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பாள். ஒருநாள் கேட்டேன். "ஏம்மா, டொமைன் டொமைன்னு இத்தனை வருஷமா அடிச்சுக்கறீங்களே, அது என்னதான்?"

"புரதம்னா கண்ணி கண்ணியா கோத்த நீளமான ஒரு நூல், அண்ணே. அதுல ஒரு துண்டு தானா மடிஞ்சு ஒரு வடிவத்துக்கு வரும். அந்தத் துண்டைத் தனியா எடுத்தாக்கூட அதே வடிவம், அதே வேலை. அதைத்தான் டொமைன்னு சொல்றோம். நாங்க பாக்கறது பிடிக்கற டொமைன். ஒரு கைன்னு வெச்சுக்கோங்க."

"எதைப் பிடிக்கும்?"

"இன்னொரு புரதத்தை. கண்டதையும் பிடிக்காது. எதிர்ல இருக்கற புரதத்துல ஒரு குறிப்பிட்ட கண்ணியில பாஸ்பேட் ஒட்டியிருக்கணும். நம்ம கைக்குள்ள ஒரு குழி, பாஸ்பேட் அதுல போய் உக்காரும். பக்கத்துல இன்னொரு குழி, அடுத்த ரெண்டு மூணு கண்ணி சரியான ஆளுதானான்னு பாக்கும். ரெண்டும் ஒத்துவந்தாத்தான் பிடி. பாஸ்பேட்டை எடுத்துட்டா விட்டுடும். ஒரு கிருமி உள்ள வந்தா நம்ம ரத்த அணு எப்ப சண்டை போடணும், எப்ப நிறுத்தணும்னு தெரிஞ்சுக்கறதெல்லாம் இந்தப் பிடிக்கறதுலயும் விடறதுலயும்தான்."

எனக்கு அது மண்டையில் ஏறியது. இவ்வளவு லேசாகச் சொல்ல முடிந்ததை அந்தப் பிள்ளைகள் மணிக்கணக்கில் சிக்கலாக்குகிறார்களே என்று எரிச்சலும் வந்தது.

இன்னொன்றும் சொன்னாள். அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். பாக்டீரியாவுக்குள் நம் டொமைனைச் செய்யச் சொன்னால் அதனுடைய ஆயிரம் புரதத்தோடு சேர்த்துத்தான் செய்யும். அந்தக் கூட்டத்திலிருந்து நம்முடையதை மட்டும் இழுக்க, முன்னாலேயே அதில் ஒரு கைப்பிடியைச் சேர்த்துவிடுவார்கள். கைப்பிடியும் ஒரு புரதம்தான். அதைப் பிடித்து இழுத்து, கழுவி, அப்புறம் கைப்பிடியை வெட்டி எறிந்துவிட வேண்டும். "வெட்டாம விட்டா என்ன?" என்று கேட்டேன்.

"அந்தக் கைப்பிடிக்கு ஒரு குணம் உண்டு. ரெண்டு ரெண்டா ஜோடி சேந்துக்கும். கூடவே நம்ம டொமைனும் ரெண்டு ரெண்டாயிடும். ஓடற பஸ்ல ஒத்தக் கையால பிடிக்க முடியாத நோஞ்சான்கூட ரெண்டு கையாலயும் பிடிச்சா நிப்பான் இல்ல? அந்த மாதிரி. பலமே இல்லாத டொமைனும் நல்லாப் பிடிக்கற மாதிரி பொய்யாக் காட்டும். பசங்க சோம்பேறித்தனத்துல அப்படியே வெச்சுப் பாத்துட்டு ஆகா ஓகோன்னு எழுதிடுவாங்க. நான் வெட்டாம ஒண்ணையும் கையைவிட்டுக் குடுக்கமாட்டேன்."

குடுக்கவும் இல்லை. இருபத்துநாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவையைத் தவிர.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பத்தொன்பது வயதில் அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர, எட்டு வயதுத் தங்கச்சியை இவள் தலையில் வைத்துவிட்டு உறவெல்லாம் நைசாகக் கழன்றுகொண்டது. தங்கச்சியைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, பிள்ளைப்பேறும் பார்த்தாள். தங்கச்சி வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் வண்டியில். அதனால் அந்த ரெண்டு பையன்களுக்கும் பெரியம்மாதான் எல்லாம். அவளும் அவர்களைப் பெரியவன், சின்னவன் என்றுதான் சொல்வாள். பெரியவன் கணக்கில் புலி, சாப்பாட்டில் பூனை. சின்னவன் வாய் ஓயாதவன், கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவான்.

பெரியவனுக்குப் பதினோரு வயதில் காய்ச்சல் வந்தது. வகுப்பில் பாதிப் பேருக்கு வந்து ஒரு வாரத்தில் போன சாதாரணக் காய்ச்சல்தான். இவனுக்கு மட்டும் போகவில்லை. கழுத்தில் நெறி கட்டி முகமே மாறிவிட்டது, ஈரல் வீங்கியது. ஆறு வாரம் ஆஸ்பத்திரி. கிருமியைவிட அவன் சொந்த ரத்த அணுக்களே நிறுத்தத் தெரியாமல் அவனைத் தின்கின்றன என்றார் டாக்டர். மருந்து கொடுத்து அடக்கிவைத்தார்கள். திரும்ப வந்தால் தாங்கமாட்டான், அதற்குள் வேறு ஒருத்தர் எலும்பு மஜ்ஜையை எடுத்து இவனுக்கு ஏற்றிவிட வேண்டும் என்றார்கள்.

சின்னவனுடைய மஜ்ஜை அண்ணனுக்குப் பத்துக்குப் பத்து பொருந்தியது. கொடையாளர் பதிவேட்டிலிருந்து முகம் தெரியாத ஒருவருடையதும் கிடைத்தது, ஆனால் பத்துக்கு எட்டுதான். எட்டு என்றால் உடம்பு ஏற்காமல் போகிற ஆபத்து அதிகம். அப்படியானால் தம்பியே கொடுக்கட்டும் என்று சொல்லிவிடலாம்தானே? அங்கேதான் ஒரு முடிச்சு. பெரியவனுடைய மரபணுவைப் படித்துப் பார்த்ததில் ஒரு இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அம்மா வழியாக வந்தது; இந்த வகை மாற்றம் கெடுதல் என்றாலும் பெண்களை ஒன்றும் செய்யாது, ஆண் பிள்ளைகளைத்தான் பிடிக்கும். அதே மாற்றம் சின்னவனிடமும் இருந்தது. நோய்க்கு அதுதான் காரணம் என்றால் சின்னவன் மஜ்ஜையிலும் அதே கோளாறு இருக்கும், கொடுத்தும் பிரயோஜனமில்லை. மாற்றம் சும்மா இருக்கிற மாற்றம் என்றால் சின்னவன்தான் சரியான ஆள். எது என்று சொல்ல யாராலும் முடியவில்லை, அந்த மாற்றத்தை அதுவரை எவரிடமும் பார்த்ததில்லையாம். வெளியே பெரிய ஆய்வகத்துக்கு ரத்தம் அனுப்பினார்கள். பதில் வர பத்து வாரம் ஆகும் என்றார்கள். பத்து வாரம் பெரியவன் தாங்குவானா என்று டாக்டருக்கே நிச்சயமில்லை.

அந்த எழுத்து மாறியிருந்த இடம் எது தெரியுமா? பாஸ்பேட்டைப் பிடிக்கிற அதே ஜாதி டொமைன். இருபத்துநாலு வருஷமாக அக்கா குளிரில் நின்று செய்துகொண்டிருந்த கை.

"நான் பாத்துச் சொல்றேன்" என்றாள் அக்கா. ஆய்வகத்துத் தலைவி மேடமும் சரி என்றார். அந்த வேலையை அவளைவிட நன்றாகச் செய்ய ஆள் கிடையாது, அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் சொந்தப் பிள்ளைக்கு எந்த டாக்டரும் தானே கத்தி வைக்கமாட்டார். அதை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நினைத்தேன், வாயைத் திறக்கவில்லை. கண்டதற்கெல்லாம் கத்துகிறவன், கத்த வேண்டிய இடத்தில் ஊமையாகிவிட்டேன்.

நல்ல டொமைன் ஒன்று, எழுத்து மாறிய டொமைன் ஒன்று, ரெண்டையும் செய்தாள். நல்லது எப்போதும்போல் தண்ணீர் மாதிரி தெளிவாக வந்தது. மாறியதும் கைப்பிடியோடு நன்றாகத்தான் வந்தது. கைப்பிடியை வெட்டியதும் ஒரு மணி நேரத்தில் குப்பிக்குள் வெள்ளை வெள்ளையாகத் திரிந்துவிட்டது. குப்பியை என்னிடம் கொண்டுவந்தாள். "ஊத்திடுங்க அண்ணே. தயிராயிடுச்சு. என் கைதான் இப்ப சரியில்ல. ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்துட்டு வந்து செஞ்சா இப்படித்தான் ஆகும்."

நான் ஊற்றினேன். அடியில் ஒட்டியதைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

ரெண்டாவது தடவையும் அதே கதை. மறுபடி தயிர், மறுபடி நான் கழுவினேன். புரதம் திரிவது அந்தக் கட்டடத்தில் தினமும் நடக்கிற சமாச்சாரம். உப்பு கூடினால் திரியும், குறைந்தால் திரியும், ஒருத்தர் முறைத்துப் பார்த்தால்கூடத் திரியும் என்று கிண்டல் பண்ணுவார்கள். திரிந்ததை நோட்டில்கூட எழுதமாட்டார்கள். அக்காவும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மூன்றாவது தடவை செய்தபோது அக்கா கைப்பிடியை வெட்டவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பிளாஸ்டிக் தட்டைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். சின்னச் சின்னக் குழியாக இருக்கும் தட்டு. பாஸ்பேட் ஒட்டிய துண்டைக் குழியின் அடியில் ஒட்டிவைத்து, மேலே டொமைனை ஊற்றி, கழுவிவிட்டு, நிறம் வருகிற மருந்தை விடுவார்கள். டொமைன் பிடித்திருந்தால் நீலம், பிடிக்காவிட்டால் வெறும் தண்ணீர். நல்ல டொமைன் வரிசை நீலமாக இருந்தது. மாறியதன் வரிசையும் நீலமாகத்தான் இருந்தது.

"பிடிக்குது அண்ணே" என்றாள். சொல்லிவிட்டு என் கழுவுதொட்டி ஓரத்தில் சாய்ந்து அழுதாள். எத்தனை வருஷப் பழக்கம், அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை அந்த அறையில் ஆவி எப்போதும் இருக்கும்.

அறிக்கையில் "கைப்பிடியுடன் பரிசோதித்தது" என்று ஒரு வரி எழுதியிருந்தாள். மறைக்கிற புத்தி அவளுக்குக் கிடையாது. மேடம் ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் நீலத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்? பிடிக்கிறது, மாற்றம் சும்மா இருக்கிற மாற்றம்தான், தம்பியே கொடுக்கலாம் என்று முடிவானது. முகம் தெரியாத அந்த எட்டுப் பொருத்தக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சின்னவனுக்கு அப்போது எட்டு வயது. இடுப்பு எலும்பில் ஊசி போட்டு எடுத்த பிறகு ரெண்டு நாள் நொண்டிக்கொண்டே எல்லாரிடமும் காட்டினானாம், "அண்ணனுக்கு நான் குடுத்தேன்" என்று. பெரியவனுக்குப் பத்தொன்பதாம் நாள் புது அணுக்கள் முளைத்தன. ஒரு சிக்கலும் இல்லை. வீட்டுக்கு வந்தான், முடி வளர்ந்தது. அக்கா நாலு கிலோ எடை கூடி, ஸ்வெட்டர் பொத்தான் போட முடியவில்லை என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டாள். வெளியே அனுப்பிய பதில் பத்து வாரத்தில் வரவில்லை. மாதிரி கெட்டுவிட்டது, மறுபடி அனுப்புங்கள் என்று கடிதம் வந்தது. அனுப்பினார்கள். இனி அது எதற்கு என்று யாரும் அதைத் துரத்தவில்லை.

அஞ்சாம் மாதம் பெரியவனுக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. அதே நெறி, அதே ஈரல். பதினோரு நாள்தான். பன்னிரண்டு வயது முடிய மூன்று வாரம் இருந்தது.

அவன் போய் ஒன்பதாம் நாள் அந்தப் பாழாய்ப்போன பதில் வந்தது. இவனுடைய ரத்த அணுக்களில் அந்தப் புரதமே இல்லை என்று எழுதியிருந்தது. செய்த உடனேயே உருக்குலைந்துபோகிறதாம். அன்று காலை பத்து மணிக்கு அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். உறைய வைத்திருந்த மிச்சத்தில் ரெண்டு குப்பி எடுத்து வந்திருந்தாள். என் வெந்நீர்த் தொட்டியை முப்பத்தேழு டிகிரிக்கு வைத்தாள். அது நம் உடம்புச் சூடு. ரெண்டு குப்பியையும் உள்ளே நிறுத்தினாள்.

நல்லது அப்படியே தெளிவாக இருந்தது. மாறியது எட்டு நிமிஷத்தில் திரிந்துவிட்டது, கைப்பிடியோடு இருந்தும்.

"மாறின எழுத்து குழியில இல்லண்ணே" என்றாள். "முதுகுப் பக்கம் இருக்கு. குழி நல்லாத்தான் இருக்கு, அதான் பிடிச்சுது. ஆனா நிக்கத் தெம்பு இல்ல. கைப்பிடி தாங்கிப் பிடிச்சுது. நாலு டிகிரி குளிர் தாங்கிப் பிடிச்சுது. நான் அவனைக் குளிரறையில வெச்சுப் பாத்தேன். அவன் உடம்பு முப்பத்தேழு டிகிரி." திரிந்த குப்பியை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டு, "வெட்டினதும் தயிராச்சே, அதான் பதில். ரெண்டு தடவை சொல்லிச்சு. ஊத்தச் சொன்னேன்."

ஊற்றியது நான். அதை அவள் சொல்லவில்லை. நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். ஆயிரம் குப்பி கழுவுகிறேன், எதிலும் என்ன இருந்தது என்று கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். திரிந்த குப்பியை எவன் கொண்டுவந்தாலும் நோட்டில் எழுதினாயா என்று கேட்டு, பார்த்த பிறகுதான் தொடுவேன். கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

அன்று சாயங்காலமே அக்கா தங்கச்சி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். மாதிரி கெட்டுப்போனது, தபால் தாமதம் என்று பழியைப் போட ஆயிரம் இடம் இருந்தது. அவள் அப்படி ஆளில்லை. தங்கச்சி கத்தவில்லை, அடிக்கவில்லை. பெரியவன் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்ப சின்னவன்?" என்றாள். அதன் பிறகு இன்றுவரை அக்காவிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. திட்டித் தீர்த்திருந்தால் அக்காவுக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும்.

சின்னவனுக்கும் அதே டொமைன், அதே மாற்றம். காய்ச்சல் வருவதற்கு முன்னால் அவனுக்கும் மஜ்ஜை மாற்ற வேண்டும். அண்ணனும் தம்பியும் பத்துக்குப் பத்து என்பதால், அண்ணனுக்கு எட்டுப் பொருந்திய அந்த முகம் தெரியாத ஆள் தம்பிக்கும் எட்டுதான். அன்றைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய அதே மனிதரிடம் மறுபடி போய் நின்றார்கள். அவர் சரி என்றார். எந்த ஊர்ப் புண்ணியவானோ, நன்றாக இருக்கட்டும்.

இப்போது சின்னவன் ஆஸ்பத்திரியில் கண்ணாடிபோட்ட அறைக்குள் இருக்கிறான். அந்த ஆளுடைய மஜ்ஜையை ஏற்றி இன்றைக்குப் பதிமூன்றாம் நாள். அணுக்கள் இன்னும் முளைக்கவில்லை. அவன் உள்ளே போவதற்கு முந்தின நாள் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துவிட்டு அக்கா அவனை என் அறைக்குக் கூட்டிவந்தாள். நான் ஒரு ஸ்டூலைப் போட்டேன். தொட்டியில் நுரை நிறைய இருந்தது, அதைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தான். திடீரென்று, "பெரியம்மா, அண்ணனுக்கு நான் குடுத்தது கெட்டுப்போனதா?" என்றான்.

அக்கா அவன் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். "உன்கிட்ட இருந்ததுலயே நல்லதைத்தான்டா நீ குடுத்த. அதைக் குடுக்கலாமான்னு பாத்தது நான். நான் தப்பாப் பாத்துட்டேன். உன்மேல ஒரு தப்பும் இல்ல."

அவன் கையிலிருந்த நுரையை ஊதிவிட்டான். "எனக்குக் குடுக்கப்போறாங்களே, அது சரியா இருக்கான்னும் நீதான் பாத்தியா?"

"இல்லடா."

"அப்ப சரி" என்றான். "அதை வேற யாராவதே பாக்கட்டும், பெரியம்மா."

கோபமாகச் சொல்லவில்லை அவன். சும்மா, மழை வருது குடை எடுத்துக்கோ என்கிற மாதிரி சொல்லிவிட்டு மறுபடி நுரையைத் தட்டப்போனான். அக்கா "சரிடா கண்ணா" என்றாள். ரத்தம் எடுக்கச் சுருட்டிவிட்டிருந்த அவன் சட்டைக் கையை இறக்கி, பொத்தானைப் போட்டுவிடப் பார்த்தாள். வெடித்த விரலிலிருந்து மூன்று தடவை நழுவியது. நாலாவது தடவை அவனே போட்டுக்கொண்டான்.